பூக்களின் பள்ளத்தாக்குக்கு நண்பர்களோடு போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரிக் கூட்டாளிகள் ஆறு பேர், முதுகில் பையை மாட்டிக்கொண்டு உத்தராகண்டின் பூக்களின் பள்ளத்தாக்குக்குப் போய்வந்தோம். ஸ்டேட்டஸில் படம் போட்ட அன்றே கேள்விகள் ஆரம்பித்துவிட்டன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அலுத்துவிட்டது. எல்லாவற்றையும் இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன். எனக்கு இது இரண்டாவது பயணம். முதல் தடவை உள்ளே நுழைந்ததும் கடைசிவரை விறுவிறுவென்று நடந்து, ஆற்றங்கரையில் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். அந்தத் தடவை எத்தனை வகைப் பூ பார்த்தாய் என்று கேட்டால் நான்கைக்கூட ஒழுங்காகச் சொல்ல வராது.

இந்த இடம் சரியாக எங்கே இருக்கிறது?

உத்தராகண்டில், சமோலி மாவட்டத்தில். பத்ரிநாத் போகும் சாலையில் ஜோஷிமட் தாண்டி ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் கோவிந்த்காட் வரும். அங்கே பிரதான சாலையை விட்டு மலைக்குள் திரும்ப வேண்டும். பள்ளத்தாக்கின் நடுவே புஷ்பாவதி என்ற ஆறு ஓடுகிறது. 1982-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பரப்பு 87.5 சதுர கிலோமீட்டர். 2005-ல் நந்தா தேவி பூங்காவோடு சேர்த்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மரம் வளர முடியாத உயரத்தில் வரும் புல்வெளியை அங்கே ‘புக்யால்’ என்கிறார்கள். இரண்டு நாள் அங்கே இருந்தால் உங்கள் வாயிலும் அந்தச் சொல்தான் வரும்.

எந்த மாதம் போனால் பூ இருக்கும்?

ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை. பூங்கா ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை திறந்திருக்கும். அதனால் “ஜூன்ல லீவு இருக்கு, போய்ட்டு வந்துடலாமா?” என்று கேட்கிறார்கள். ஜூனில் போனால் பனி உருகுவதைப் பார்க்கலாம். ப்ரிமுலா, அனிமோன் மாதிரி தரையோடு ஒட்டிய சின்னப் பூக்கள் இருக்கும். நீங்கள் படத்தில் பார்த்த இடுப்பளவுப் பூக்காடு இருக்காது. செப்டம்பரில் வானம் தெளிந்து சிகரங்கள் நன்றாகத் தெரியும், ஆனால் செடிகள் விதை கட்டிப் பழுக்க ஆரம்பித்திருக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பூ இருக்கும் மாதம்தான் மழை மாதம். நனையாமல் பூ பார்க்க வழியில்லை என்று முதலிலேயே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். எங்களில் ஒருவன் “ஆகஸ்ட்ல மழைன்னு ஏன்டா சொல்லலை?” என்று பயணம் முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தான். இரண்டு தடவை சொல்லியிருந்தேன்.

நம் குறிஞ்சி மாதிரி 12 வருஷத்துக்கு ஒருமுறைதான் பூக்குமா?

இல்லை, ஒவ்வொரு ஆண்டும் பூக்கும். பனி மூடாத மாதங்கள் அங்கே நான்கோ ஐந்தோதான். அதற்குள் முளைத்து, பூத்து, விதைத்து முடித்தாக வேண்டும். அதனால்தான் எல்லாம் ஒரே நேரத்தில் அடித்துப்பிடித்துக்கொண்டு பூக்கின்றன. இரண்டு வாரம் தள்ளிப் போனால் வேறு பூ, வேறு நிறம்.

இணையத்தில் பார்க்கும் படம் மாதிரியே இருக்குமா?

அந்தப் படங்கள் பொய்யில்லை. ஆனால் பெரும்பாலும் காமிராவைச் செடியின் உயரத்துக்கு இறக்கி எடுத்தவை. பாதையில் நின்று பார்த்தால் முதலில் கண்ணில் படுவது பச்சைதான். துலிப் தோட்டம் மாதிரி யாரோ பாத்தி கட்டி நட்ட வண்ணக் கம்பளத்தை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றமாக இருக்கும். எங்கள் குழுவில் இரண்டு பேர் முதல் அரை மணி நேரம் “இவ்ளோதானா?” என்ற முகத்தோடுதான் நின்றார்கள். பிறகு ஒருவன் ஷூ லேஸ் கட்ட உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழவில்லை. அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு சாண் இடத்தில் ஏழு வகைப் பூ இருந்தது, எண்ணிப் பார்த்தோம்.

எப்படிப் போவது? எத்தனை நாள் வேண்டும்?

டெல்லி வரை ரயிலோ விமானமோ உங்கள் விருப்பம். அங்கிருந்து ஹரித்வார் அல்லது ரிஷிகேஷ். ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் சுமார் 250 கிலோமீட்டர்தான், ஆனால் மலைச்சாலையில் முழுதாக ஒரு நாளை விழுங்கிவிடும். அதிகாலையிலேயே கிளம்பிவிடுங்கள். தேவப்ரயாகை, ருத்ரப்ரயாகை, கர்ணப்ரயாகை, நந்தப்ரயாகை என்று ஒவ்வொரு சங்கமமாக வரும். ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடலாம், தப்பில்லை.

அடுத்த நாள் கோவிந்த்காட். அங்கிருந்து புல்னா கிராமம்வரை 4 கிலோமீட்டர் ஷேர் ஜீப் உண்டு. புல்னாவிலிருந்து காங்கரியாவுக்கு ஒன்பது பத்து கிலோமீட்டர் நடை. காங்கரியாதான் தங்கும் ஊர். பள்ளத்தாக்குக்கும், கரையில் குருத்வாரா உள்ள ஹேம்குண்ட் ஏரிக்கும் அங்கிருந்தே வழி பிரிகிறது.

காங்கரியாவில் குறைந்தது மூன்று இரவு தங்குங்கள். முடிந்தால் நான்கு. பெரும்பாலானவர்கள் பள்ளத்தாக்குக்கு ஒரு நாள், ஹேம்குண்டுக்கு ஒரு நாள் என்று போட்டுக்கொள்கிறார்கள். பள்ளத்தாக்குக்கு ஒதுக்கிய அந்த ஒரு நாளில் மழை கொட்டினால் தார்ப்பாய்க்கு அடியில் நின்று டீ குடித்துவிட்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். பள்ளத்தாக்குக்கு மட்டும் இரண்டு நாள் வையுங்கள் என்பது என் கட்சி. இவை தவிர திரும்பும் வழிக்கு ஒரு நாள் சும்மா வைத்திருங்கள். ருத்ரப்ரயாகை பக்கம் சிரோபகட் என்று ஒரு இடம் இருக்கிறது. மழைக்காலத்தில் அங்கே மண் சரிந்தால் வண்டிகள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும். திரும்பும் ரயிலை அதே நாள் இரவுக்குப் போடுவது நாமே தேடிக்கொள்ளும் தலைவலி.

எவ்வளவு கஷ்டம்? எனக்கு முடியுமா?

வெள்ளியங்கிரி ஏறி இறங்கியவர் என்றால் கால் தாங்கும். மூச்சுதான் வேறு கதை. ஊட்டி தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். நீங்கள் படுத்துத் தூங்கப்போகும் காங்கரியா அதைவிட 400 மீட்டர் மேலே, 3,049 மீட்டரில் இருக்கிறது. புல்னாவிலிருந்து போகும் பாதை கல் பாவியது, அகலமானது, வழி தவறாது. பாதித் தூரத்தில் பியூந்தார் கிராமம். அதற்குப் பிறகு ஒரு பாலம். பாலத்தைத் தாண்டினால் கடைசி மூன்று கிலோமீட்டர் நெஞ்சுக்கு நேராக ஏறும். அங்கேதான் எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள்.

கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே படிக்கட்டு ஏறிப் பழகுங்கள், பையோடு. வெறுங்கையோடு ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறவர்கூட எட்டு கிலோ பையோடு ஏறும்போது வேறு ஆளாகிவிடுகிறார்.

முடியாதவர்களுக்குக் கோவேறு கழுதை உண்டு. முதுகில் கூடையில் உட்காரவைத்துத் தூக்கிப்போகும் ‘கண்டி’ உண்டு. பள்ளத்தாக்குக்குள் கழுதைக்கு அனுமதி இல்லை.

உள்ளே டென்ட் போட்டுத் தங்கலாமா? அதற்குத்தானே பேக்பேக்கிங்?

கூடாது. காலை 7 மணிக்கு வாசல் திறக்கும். மதியத்துக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். மாலை 5 மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். காங்கரியாவுக்குப் பக்கத்திலேயே வனத்துறைச் சாவடி இருக்கிறது, அங்கே அடையாள அட்டை காட்டிப் பெயரைப் பதிந்து சீட்டு வாங்க வேண்டும். டென்ட் ஆசை இருந்தால் காங்கரியாவில் கூடாரம் வாடகைக்குக் கிடைக்கிறது, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த மாநிலத்தில் மற்ற புக்யால்களிலும் இரவு தங்கக் கூடாதென்று உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2018-ல் உத்தரவிட்டிருக்கிறது. காரணம் எளிது. டென்ட் அடித்த இடத்தில் புல் நசுங்கி வெளுத்துப்போகிறது, அது மறுபடி எழுந்து வர அந்தக் குளிரில் பல ஆண்டுகள் பிடிக்கும்.

பையில் என்ன வைப்பது?

எல்லோரும் பெரிய பட்டியல் கேட்கிறார்கள். நான் மூன்றைத்தான் சொல்வேன்.

பைக்கு வெளியே மாட்டும் மழை உறையை நம்பாதீர்கள். முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கும். தடிமனான பெரிய குப்பைப் பை ஒன்றைப் பேக்பேக்குக்குள் விரித்து, துணிகளையெல்லாம் அதற்குள் வைத்து முறுக்கிக் கட்டுங்கள். இருபது ரூபாய் வேலை. ஆறு பேரில் மூன்று பேர் செய்தோம், அந்த மூன்று பேர் மட்டும் இரவில் உலர்ந்த துணியோடு தூங்கினோம்.

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் காயவே காயாது, கல்லைக் கட்டிக்கொண்டு நடப்பது மாதிரி இருக்கும். மெல்லிசாக, சட்டென்று காயும் பேன்ட் இரண்டு போதும். அதே மாதிரி போஞ்சோ, அதாவது தலைவழியாகப் போட்டுக்கொள்ளும் மழைப் போர்வை ஒன்று. பையையும் சேர்த்து மூடும் அளவுக்கு நீளமாக.

ஷூ. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எங்களில் ஒருவன் ஐந்து வருஷம் பரணில் கிடந்த நல்ல விலை ட்ரெக்கிங் ஷூவைத் தூசி தட்டி எடுத்து வந்தான். பார்க்கப் புத்தம் புதிது. பியூந்தார் தாண்டியதும் வலது காலின் அடிப்பாகம் வாய் பிளந்தது. பத்து நிமிடத்தில் இடது காலும். நீண்ட நாள் சும்மா கிடந்தால் நடுவிலிருக்கும் பாலியூரிதேன் அடுக்கு ஈரத்தில் உளுத்துப்போய்விடும், கையால் பிட்டால் ரஸ்க் மாதிரி உதிரும். துணி உலர்த்தக் கொண்டுபோயிருந்த நைலான் கயிற்றால் சுற்றிச் சுற்றிக் கட்டி, பொங்கல் பானை மாதிரி இரண்டு காலோடு காங்கரியா வந்து சேர்ந்தான். அங்கே ஒரு கடையில் ரப்பர் ஷூ வாங்கினான். சொன்னால் நம்பமாட்டீர்கள், மீதி நாட்களில் எங்கள் எல்லோரையும்விட அவன்தான் வழுக்காமல் நடந்தான்.

கைத்தடி கோவிந்த்காட்டிலேயே கிடைக்கும், மூங்கில். வாங்கிவிடுங்கள்.

எத்தனை பேர் போகலாம்? நண்பர்களுக்குள் சண்டை வராதா?

நான்கிலிருந்து ஆறு. ஒரு ஜீப்பில் அடங்கும், இரண்டு மூன்று அறையில் முடியும். எட்டைத் தாண்டினால் காலையில் எல்லோரையும் கிளப்புவதற்குள் மணி பத்தாகிவிடும்.

சண்டை வரும். பணத்தால் வராது, அதற்குத்தான் கணக்குப் போடும் ஆப் இருக்கிறதே. வேகத்தால் வரும். வேகமாக நடக்கிறவன் முன்னால் போய் ஒரு கல்லில் உட்கார்ந்து பத்து நிமிடம் ஓய்வெடுப்பான். மெதுவாக வருகிறவன் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும், “வந்துட்டியா, கிளம்பலாமா?” என்று எழுவான். அவனுக்குப் பத்து நிமிட ஓய்வு, இவனுக்கு ஒன்றுமில்லை. மூன்றாவது தடவை இது நடந்தபோது எங்களில் ஒருத்தி தடியைக் கீழே எறிந்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து கடைசியாக வருகிறவர் வந்து சேர்ந்த பிறகு ஐந்து நிமிடம் யாரும் எழக் கூடாதென்று வைத்துக்கொண்டோம்.

பள்ளத்தாக்குக்குள் நிலைமை தலைகீழ். அங்கே மெதுவாகப் போகிறவர்தான் எல்லாவற்றையும் பார்க்கிறார். முன்னால் ஓடினவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

உள்ளே என்னென்ன பூ? பெயர் தெரியாமல் என்ன பார்ப்பது?

பெயர் தெரிய வேண்டியதில்லை. நமக்குத் தெரிந்த செடிகளின் உறவுக்காரர்களைத் தேடுங்கள். நான் அப்படித்தான் பிடித்துக்கொண்டேன்.

ஆகஸ்டில் பாதையின் இரண்டு பக்கமும் தலைக்கு மேல் வளர்ந்து ரோஜா நிறத்தில் தொங்குவது காசித்தும்பையின் இனம். நம் வீட்டு வாசலில் முழங்கால் உயரம் வளரும் காசித்தும்பையின் உறவு, இங்கே ஆள் உயரம். பழுத்த காயைத் தொட்டால் ‘பட்’டென்று சுருண்டு விதையைத் தெறிக்கவிடும். சின்ன வயதில் இதை விளையாடாதவர்கள் உண்டா?

சாவடி தாண்டியதும் வரும் காட்டு நிழலில் பாம்பு படம் எடுத்து நிற்பது மாதிரி ஒரு செடி. வழிகாட்டிகள் ‘கோப்ரா லில்லி’ என்பார்கள். லில்லியே இல்லை. நம் சேனைக்கிழங்கு, சேப்பங்கிழங்கின் குடும்பம்.

முட்கள் நிறைந்த இலை, நடுவில் நீளக் குழல் பூக்கள் அடுக்கடுக்காக நிற்பது மொரினா. ஒரே தண்டில் வெள்ளையும் ரோஜாவும் இருக்கும். மலரும்போது வெள்ளை, மகரந்தம் சேர்ந்த பிறகு சிவக்கும். நம் ஊர் உண்ணிச்செடியும் இதே மாதிரி நிறம் மாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள்.

எல்லோரும் தேடி வருவது நீலப் பாப்பி. கசகசாக் குடும்பம். ரயில் தண்டவாளத்தோரம் மஞ்சளாகப் பூக்கும் முள் செடி பிரம்மதண்டும் அதே குடும்பம்தான். பாறை இடுக்கில் ஒற்றையாக நின்றிருந்தது நாங்கள் பார்த்தது. தண்டு, இலை, மொட்டு எல்லாம் ஊசி முள். அதன் மேல் கசக்கிப் பிரித்த டிஷ்யூ தாள் மாதிரி நான்கைந்து இதழ். நீலம் என்கிறோம், ஆனால் ஓரத்தில் ஊதா ஓடியது. நடுவில் மஞ்சள் மகரந்தம் ஒரு கொத்து. மழைத்துளி விழும்போதெல்லாம் பூ ஒரு பக்கம் சாய்ந்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு நிமிர்ந்தது. நாங்கள் ஆறு பேரும் அந்தக் கல்லைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். யாரும் கொஞ்ச நேரம் போனை எடுக்கவில்லை, மழை என்பதும் ஒரு காரணம்.

பள்ளத்தாக்கில் ஒரு கல்லறை இருக்கிறதாமே?

இருக்கிறது. ஜோன் மார்கரெட் லெக் என்ற ஆங்கிலப் பெண்மணியுடையது. செடி சேகரிக்க வந்தவர், 1939-ல் பாறைச் சரிவில் வழுக்கி விழுந்து இறந்தார். அவருடைய சகோதரி பிறகு வந்து கல் நாட்டினார். “என் கண்களை மலைகளுக்கு நேராக ஏறெடுப்பேன்” என்று பொருள்படும் சங்கீத வரி அதில் ஆங்கிலத்தில் இருக்கிறது. சுற்றிலும் பூ.

அவரை இங்கே வரவைத்தது ஃபிராங்க் ஸ்மைத்தின் எழுத்து. 1931-ல் காமெட் சிகரம் ஏறிவிட்டுத் திரும்பும் வழியில் ஸ்மைத்தும் கூட்டாளிகளும் பியூந்தார் கணவாய் தாண்டி இங்கே இறங்கினார்கள். 1937-ல் மறுபடி வந்து தங்கிச் செடி சேகரித்தார், அடுத்த ஆண்டு புத்தகமாக எழுதினார். ‘பூக்களின் பள்ளத்தாக்கு’ என்ற பெயர் உலகத்துக்குத் தெரிந்தது அதனால்தான். அவர் கண்டுபிடித்தார் என்று சொல்கிறார்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பியூந்தார் ஊர்க்காரர்களுக்கு இது சிரிப்பாக இருந்திருக்கும்.

ஆடு மேய்ப்பதைத் தடை செய்தது நல்லதுதானே?

பூங்கா ஆனதும் மேய்ச்சல் நின்றது. நல்லதென்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் அதற்குப் பிறகு பாலிகோனம் என்ற உயரமான புதர்ச்செடி பெரிய அளவில் பரவி, சின்னப் பூச்செடிகளுக்கு வெயில் கிடைக்காமல் அடித்தது. வனத்துறை ஆள் வைத்து அதை வெட்டி எடுக்கிறது. ஆடுகள் தின்றும் மிதித்தும் அதை அடக்கி வைத்திருந்தன என்பது ஒரு தரப்பு. மண் சரிவும் மற்ற மாற்றங்களும் காரணம் என்பது இன்னொரு தரப்பு. மேய்ச்சலை இழந்த ஊர்க்காரர்கள் இப்போது கடை, தங்கும் விடுதி, சுமை தூக்குவது என்று பிழைக்கிறார்கள். பாதைக் குப்பையை அள்ளுவதும் பியூந்தார் ஊர்க் குழுதான். போர்ட்டரிடம் பேரம் பேசும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஹேம்குண்ட் கட்டாயம் போக வேண்டுமா?

உடம்பு ஒத்துழைத்தால் போங்கள். 4,329 மீட்டரில் ஒரு ஏரி, அதன் கரையில் சீக்கியர்களின் குருத்வாரா, பக்கத்திலேயே லட்சுமணன் கோயில். காங்கரியாவிலிருந்து ஆறு கிலோமீட்டர்தான், ஆனால் ஏறக்குறைய 1,300 மீட்டர் ஏற்றம். மேலே குருத்வாராவின் இலவச உணவுக்கூடமான லங்கரில் சூடான கிச்சடியும் டீயும் தருவார்கள். விறைத்த கையில் அந்த டம்ளரைப் பிடித்ததுதான் எனக்கு இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. இரவு தங்க முடியாது, மதியத்துக்கு மேல் இறங்கிவிட வேண்டும்.

மாநிலப் பூவான பிரம்மகமலம் கிடைப்பதும் இந்த வழியில், கடைசி ஏற்றத்துப் பாறைகளில். வெளிறிய பச்சையில் தாமரை இதழ் மாதிரி தெரிபவை இதழ்கள் அல்ல, இலைகள். நம் காகிதப்பூவில் வண்ணமாக இருப்பது இலை என்பார்களே, அதே கதை. உண்மையான பூக்கள் உள்ளே ஊதா நிறத்தில் குளிருக்குப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நம் ஊரில் இரவில் பூக்கும் கள்ளி ஒன்றைப் பிரம்மகமலம் என்று சொல்லி நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார்களே, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

மூச்சுத் திணறல், தலைவலி வந்தால்?

2,500 மீட்டரைத் தாண்டினாலே சிலருக்கு உயர நோய் வரலாம். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, சாப்பாடு பிடிக்காமை. லேசாக இருந்தால் அங்கேயே ஓய்வெடுங்கள், மேலே ஏறாதீர்கள். தள்ளாட்டமோ, குழப்பமான பேச்சோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்போ வந்தால் உடனே இறக்க வேண்டும், இரவானாலும். மாத்திரை விஷயத்தைக் கிளம்பும் முன்பே உங்கள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். “ஒண்ணுமில்லடா, சமாளிச்சுடுவேன்” என்கிற நண்பனை நம்பாதீர்கள்.

சாப்பாடு, பணம், சிக்னல்?

காங்கரியாவில் ஆலு பராத்தா, ராஜ்மா சாதம், மேகி. இட்லி ஏக்கத்தை ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள், பருப்புப் பொடி ஒரு டப்பா எடுத்துக்கொண்டால் போதும். பணத்தை ஜோஷிமட்டிலேயே ரொக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். போனை நம்ப வேண்டாம்.

பள்ளத்தாக்குக்குள் கழிப்பறை உண்டா?

வாசலைத் தாண்டினால் கழிப்பறையும் கிடையாது, கடையும் கிடையாது. காலையில் முடித்துவிட்டுக் கிளம்புங்கள். பாதையையும் நீரோடையையும் விட்டுத் தள்ளிப் போக வேண்டும், துணைக்கு ஒருவர் போஞ்சோவை விரித்துப் பிடித்துக்கொண்டால் மறைவாகும். டிஷ்யூ, நாப்கின் எல்லாம் ஒரு ஜிப் கவரில் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும். எங்களோடு வந்த பெண்கள் இருவரும் இதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆண்கள்தான் கூச்சப்பட்டோம்.

அப்பா அம்மாவையும் கூட்டிப் போகலாமா?

பள்ளத்தாக்குக்கு அவர்கள் உடம்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பத்ரிநாத்துக்குத் தாராளமாக. கோவிந்த்காட்டிலிருந்து 25 கிலோமீட்டர், வண்டி கோயில் பக்கம்வரை போகும். வைணவ வீடு என்றால் அவர்களுக்கு இந்த வழி முழுக்கத் திவ்யதேசம். பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர் தேவப்ரயாகையில், திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதியாக ஜோஷிமட், பிறகு பத்ரி. என் நண்பனின் அம்மா, “மூணு திவ்யதேசத்தைத் தாண்டிப் போயிருக்கீங்க, ஒண்ணுலயும் இறங்கலையாடா?” என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

ஞாபகத்துக்கு ஒரு பூவோ விதையோ கொண்டுவரலாமா?

பறிக்கக் கூடாது, அபராதம் உண்டு. இங்கே கொண்டுவந்து போட்டாலும் நம் வெயிலில் பிழைக்காது. ஊர் வந்து துணி துவைத்தபோது என் பேன்ட் மடிப்பிலிருந்து அந்தக் காசித்தும்பை இனத்து விதை நான்கைந்து விழுந்தது. நான் பறித்ததில்லை, காய் வெடித்துத் தெறித்ததுதான். ஒரு தொட்டியில் போட்டு வைத்தேன். முளைக்கவில்லை. தொட்டியில் இப்போது கீரை இருக்கிறது.